பொத்தான் கழற்றும் நேரம்

பாலாற்றில் தண்ணீர் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டிருந்த, ஆனாலும் பாலூர்ப்பேட்டை மேலத்தெருப் பெரிய மனிதர்களுக்கு மட்டும் வேளைக்கொரு முறை தலைமுழுக எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், திருமண மண்டபத்துத் தர்மகர்த்தா கோதண்டபாணி தன்னுடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டாமல் ஜெர்மனி தேசத்துத் தோல் கால்சட்டை போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். முழங்காலோடு நின்றுவிடும் கால்சட்டை, அதன் இடுப்பிலிருந்து கிளம்பி இரண்டு தோளிலும் ஏறி முதுகில் இறங்கும் தோல் வார், மார்பில் இரண்டு வாரையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குப் பட்டை, பட்டையின் நடுவில் நூல்வேலையில் ஒரு மான், வயிற்றுக்குக் கீழே வரிசையாக ஆறு கொம்புப் பொத்தான். அவர் மட்டும்தானா என்றால் இல்லை; மண்டபச் சங்கத்தின் மற்ற ஆண்கள் நாற்பத்து இரண்டு பேரும் அதே கால்சட்டையில், ரோமம் மண்டிய கெண்டைக்கால்களைக் காட்டிக்கொண்டு, நெற்றி நிறையச் சந்தனத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் அசையும்போதெல்லாம் தோல் கிறீச்சிட்டது, நாதஸ்வரக்காரர் அதைத் தன் சீவாளியின் கோளாறு என்று நினைத்து மூன்று முறை மாற்றிப் பார்த்தார்.

தோலைப் பற்றி அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கே தொட்டித்தெருவில் தோல் ஊறியது, தொட்டித்தெரு ஜனம் அதைச் சுரண்டியது, பதப்படுத்தியது, வெட்டியது, தைத்தது. மேலத்தெரு அந்தத் தோல் போகிற லாரியை வைத்திருந்தது, தோல் அடுக்குகிற கிடங்கை வைத்திருந்தது, தோல் நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொள்ளக் கைக்குட்டையும் வைத்திருந்தது. கிழக்குக் காற்று அடித்தால் மேலத்தெருவில் ஜன்னல் சாத்துவார்கள். தொட்டித்தெரு ஆள் யாராவது பஸ்ஸில் உரசிவிட்டால் கோதண்டபாணி வழியிலேயே இறங்கி, வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வருவார். அப்படிப்பட்ட மனுஷன் இடுப்பிலிருந்து முழங்கால்வரை தோலுக்குள் புகுந்துகொண்டு ஹோமத்தின் முன்னால் உட்கார்ந்ததற்கு ஒரு போட்டோதான் காரணம்.

போட்டோவை அனுப்பியது அவர் மகன் நந்தகுமார். அவன் ஜெர்மனியில் பவேரியா என்கிற சீமையில் ஒரு கார் கம்பெனியில் இருந்தான். அங்கே நடந்த ஒரு கல்யாணத்தில் அவனுடைய முதலாளி, முதலாளியின் அப்பா, அந்த ஊர் மேயர் எல்லாரும் தோல் கால்சட்டையோடு நிற்க, நடுவில் அவனும் அதே கோலத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். இங்கே கல்யாணத்துக்கும் இதுதான், கோயிலுக்கும் இதுதான், திருவிழாவுக்கும் சாவுக்கும்கூட இதுதான், தாத்தா போட்டதைப் பேரன் போடுவான், துவைப்பதே கிடையாது என்று எழுதியிருந்தான். துவைத்தால் மடி கலைந்துவிடும், அதனால்தான் துவைப்பதில்லை என்று கோதண்டபாணி சங்கத்தாருக்கு விளக்கினார், சங்கத்தாரும் தலையாட்டினார்கள்.

கால்சட்டைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ஊர்க்கோடி எக்ஸ்போர்ட் கம்பெனியின் கிடங்கில் அறுநூறு உருப்படி அடுக்கிக் கிடந்தது. பவேரியாக்காரன் ஒருவன் ஆர்டர் கொடுத்துவிட்டு, மார்பில் மானைத் தைக்கச் சொல்லி விரல்நகம் அளவு படம் அனுப்பியிருந்தான். கம்பெனிப் பெண்கள் அப்படிக் கொம்பு விரித்த மானை ஜன்மத்தில் கண்டதில்லை, ஆட்டை அன்றாடம் கண்டவர்கள், ஆகையால் குட்டைக் கொம்பும் தொங்கு காதும் தாடியுமாக அழகான வெள்ளாட்டைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். ஆட்டை மாட்டிக்கொண்டு எங்கள் ஊரில் யாரும் தேவாலயத்துக்குப் போக மாட்டார்கள் என்று அவன் அத்தனையையும் திருப்பி அனுப்பினான். கம்பெனிக்காரர்கள் அதில் நாற்பத்து மூன்றை எடுத்துச் சங்கத்துக்கு மரியாதையாகக் கொடுத்தார்கள். சங்கச் செயலாளர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வேதாசலம், சாஸ்திரத்தில் இடம் கண்டுபிடித்தார்: முனிவர்கள் மான்தோலில்தானே உட்கார்ந்தார்கள். இது மான் என்று அவர் விரலால் காட்டினார். நாற்பத்து இரண்டு பேரும் உற்றுப் பார்த்து, மான்தான் என்றார்கள்.

அறுபதாம் கல்யாணம் முடிந்தது, பந்தி முடிந்தது, பாயசமும் மோரும் பன்னீர் சோடாவும் உள்ளே போயின, அதற்கப்புறம் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகக் கொல்லைப்பக்கம் நடந்தார்கள், நடந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பொத்தான் கழலவில்லை. இழுத்தார்கள், திருகினார்கள், ஒருத்தருக்கொருத்தர் உதவி செய்தார்கள், மனைவிமாரைக் கூப்பிட்டார்கள். கத்தரிக்கோல் மழுங்கியது, சமையல்காரரின் அரிவாள்மனை தோலில் வழுக்கி ஓடியது, தோளிலிருந்து வாரை இறக்கினால் அது தானாக ஏறி உட்கார்ந்துகொண்டது. கோதண்டபாணியின் மனைவி ருக்மணி ஒரு நிமிஷம் முயன்று பார்த்துவிட்டு, “இப்படியே இருங்க, வீட்டுக்கு நல்லது” என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டாள்.

யாரும் அதிசயப்படவில்லை. வெளிநாட்டுச் சாமான் என்றால் இப்படித்தான், இதைக் கழற்றத் தெரிந்த ஆள் வந்தால்தான் முடியும் என்று கம்பெனிக்குப் போன் போட்டார்கள். கம்பெனியில் அந்தப் பொத்தான்களை எல்லாம் கையால் தைத்து முடிச்சுப் போட்டவள் நவநீதம் ஒருத்திதான். சூப்பர்வைசர் அவளுடைய மேஜைக்கு வந்தான்.

“நவநீதம்க்கா, உன்னை மண்டபத்துல கூப்புடுறாங்க.”

“இன்னாத்துக்கு, எச்ச எல எடுக்கவா?”

“இல்லக்கா. டவுசர் அவுக்க.”

தொட்டித்தெரு நவநீதத்துக்கு அப்போது நாற்பத்தேழு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகள் தேன்மொழி ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடியாத்தத்துப் பையன் ஒருவனுக்கு அவளைப் பேசி, ஆவணி இருபது என்று நாளும் குறித்தாயிற்று. நவநீதத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை, அந்த மண்டபம். கம்பெனியில் சேருவதற்கு முன் பத்து வருஷம் அவள் அங்கே பாத்திரம் தேய்த்தவள். அண்டாவின் அடியும் எச்சில் இலைக் குவியலும் அவளுக்குத் தெரியும், மேடையை முன்பக்கத்திலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதல் வரிசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த மேடையில் தன் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும். ஆனால் தொட்டித்தெருவிலிருந்து யார் போய்க் கேட்டாலும், கேட்ட தேதி எதுவானாலும், அன்றைக்கு மண்டபம் புக் ஆகியிருக்கும்.

பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள், வந்தாள். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் கோதண்டபாணி முழங்கால் இரண்டையும் ஒட்டிக்கொண்டு நின்றார். அவள் விரல் பட்டதும் முதல் பொத்தான், வேகவைத்த கடலை தோலை விடுகிற மாதிரி, துளையை விட்டு வெளியே வந்தது. இரண்டாவது பொத்தானில் அவள் கேட்டாள்.

“ஐயா, ஆவணி இருவது எம்பொண்ணுக்குக் கல்யாணம். மண்டபம் வேணும்.”

“உனக்கு இல்லாத மண்டபமா? குடுத்தாச்சு போ. சீக்கிரம் அவுரு.”

அவிழ்த்தாள். அவர் ஓடினார், போன காரியத்தை முடித்தார், திரும்பி வரும்போது முகம் பழைய முகமாகியிருந்தது. “சங்கத்துல ஒரு வார்த்த கேக்கணும் நவநீதம். நான் ஒருத்தன் முடிவு பண்ற விஷயமா?” என்றார். மிச்சம் நாற்பத்து இரண்டு பேருக்கும் அவள் அவிழ்த்துவிட்டாள். ஒருத்தராவது நன்றி சொன்னாரா என்று கேட்காதீர்கள்.

புத்தியுள்ளவர்களாக இருந்தால் அன்றோடு அந்தக் கால்சட்டைகளைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஆனால் தூக்கிப் போட்டால், அதை மாட்டிக்கொண்டது தப்பு என்று ஆகிவிடும். தப்பு என்று ஒன்றை ஒப்புக்கொண்ட வரலாறு மேலத்தெருவுக்குக் கிடையாது. ஆகவே கல்யாணத்துக்குப் போட்டார்கள், காதுகுத்துக்குப் போட்டார்கள், கருமாதிக்குப் போட்டார்கள், வங்கிக் கிளைத் திறப்புவிழாவுக்குப் போட்டார்கள், கலெக்டர் வந்தபோது வரிசையாக நின்று கிறீச்சிட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் முகூர்த்த நேரத்துக்கும் விருந்து நேரத்துக்கும் கீழே ‘பொத்தான் கழற்றல்: காலை 11 மணி’ என்று அச்சடித்தார்கள். கொல்லைப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டி, அதில் இரண்டு ஓட்டை போட்டு, நவநீதத்தின் கைகள் மட்டும் இந்தப் பக்கம் வருகிற மாதிரி செய்தார்கள். அந்தக் கைகளை முதலில் மஞ்சள் தண்ணீரில் மூன்று முறை கழுவச் சொன்னார்கள். கையுறை போட்டுப் பார்த்தார்கள், பொத்தான் அசையவில்லை. பிறகு வேதாசலம் கோயில் மலரில் ஒரு கட்டுரை எழுதினார்: மனிதன் தானாகக் கட்டிக்கொண்டதைத் தானாக அவிழ்க்க முடியாது என்கிற தத்துவத்தை உணர்த்தவே நம் முன்னோர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள் என்று. முன்னோர்களுக்கு மூன்று மாசம்தான் வயது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு நவநீதம் இரண்டாம் முறை கேட்டாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, “தந்தேன், தந்தேன், தந்தேன்” என்று கோதண்டபாணியின் குரல் வந்தது. பொத்தான் கழன்றதும் சங்கம் இன்னும் கூடவில்லை என்று ஆனது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றிவிட்டு நாற்பத்து மூன்று பேரும் வந்து நின்றபோது, அவள் கோதண்டபாணியின் மூன்றாவது பொத்தானில் விரலை நிறுத்திக்கொண்டாள்.

“சத்தியம் பண்ணுங்கய்யா.”

“பெருமாள் மேல சத்தியம். ஆவணி இருபது உன் பொண்ணுக்குத்தான். வேதாசலம் சாட்சி.”

“சாட்சி, சாட்சி, எனக்கும் அவசரம்” என்றார் பின்னால் நின்ற வேதாசலம்.

மூன்றாம் நாள் வேதாசலம் தொட்டித்தெரு முனைவரை வந்து, தெருவுக்குள் கால் வைக்காமல், நவநீதத்தைக் கூப்பிட்டு அனுப்பி ஒரு பத்திரிகையை நீட்டினார். நந்தகுமார் தன் ஜெர்மனி முதலாளியை அழைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறான், இருவருக்கும் மண்டபத்தில் பாராட்டு விழா, ஆவணி இருபது, காலை எட்டு மணி. கடைசி வரியில் ‘11 மணி: பொத்தான் கழற்றல், திருமதி நவநீதம் அவர்கள்’ என்று இருந்தது.

“உன் பேரு அச்சுல வந்திருக்கு பாரு. இந்தத் தெருவுல வேற யாருக்குக் கிடைச்சிருக்கு இந்தப் பாக்கியம்?”

“அன்னிக்கு எம்பொண்ணு கல்யாணம் சார். ஐயா சத்தியம் பண்ணாரு, நீங்க சாட்சி.”

“யாரு இல்லேன்னா? நீ காலைல உங்க தெருவுலயே தாலியக் கட்டிட்டு, பதினொண்ணுக்கு வந்துடு. பெரிய எடத்து விசேஷம், லேட் பண்ணாத.”

அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது. ஒரு தடவை ஏமாந்தால் விதி, இரண்டு தடவை ஏமாந்தால் தரித்திரம், மூன்று தடவை நம்பி நின்றவளை என்னவென்று சொல்வது என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தேன்மொழி பத்திரிகையைப் படித்துவிட்டு அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், அன்றைக்குச் சாயங்காலமே போய் ஷாமியானாவுக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆவணி இருபது வந்தது. தொட்டித்தெருவை அடைத்து ஷாமியானா, அதன்கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் வாழைமரம் கட்டிய சின்ன மேடை. முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அன்று காலை எட்டு மணிக்கே மேலத்தெருவில் நந்தகுமாரின் ஜெர்மனி முதலாளி மண்டபத்துக்குள் நுழைந்தார், இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் ரெடிமேட் பட்டு வேட்டியும் மேல்துண்டுமாக. தோல் கால்சட்டையில் வரிசையாக நின்ற நாற்பத்து மூன்று பேரையும் அவர் மேலும் கீழும் பார்த்தார், ஒவ்வொருத்தர் மார்பிலும் இருந்த ஆட்டைக் குனிந்து பார்த்தார், இது என்ன சடங்கு என்று நந்தகுமாரிடம் மெதுவாகக் கேட்டார். அன்றைக்கு அந்த மண்டபத்துப் பெரிய மனிதர்களில் நினைத்த நேரத்தில் ஒதுங்கிவிட்டு வரக்கூடிய ஆண்பிள்ளை அவர் ஒருத்தர்தான்.

பதினொரு மணி ஆயிற்று. நவநீதம் வரவில்லை. போன் அடித்தது, எடுப்பார் இல்லை. பதினொன்றே காலுக்குப் பெரிய மனிதர்கள் நாற்பத்து மூன்று பேரும் தொட்டித்தெருவை நோக்கி நடந்தார்கள். காரில் உட்கார்ந்தால் வயிறு அமுங்கும் என்பதால் நடந்தே வந்தார்கள், கோதண்டபாணி முன்னால், வேதாசலம் பின்னால், எல்லாருக்கும் பின்னால் இதை எல்லாம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வேட்டி கட்டிய ஜெர்மனிக்காரர். எந்தத் தெருவின் காற்றுக்கு ஜன்னலைச் சாத்தினார்களோ அந்தத் தெருவுக்குள், ஒருவர் இடுப்பை ஒருவர் இடித்துக்கொண்டு, கிறீச் கிறீச்சென்று, முழங்கால் பிரியாத நடையில் வந்தார்கள். ஷாமியானாவில் மேளம் நின்றது.

“நவநீதம்,” என்றார் கோதண்டபாணி. நெற்றியில் சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது. “மண்டபம் இப்பவே காலி. மேடை அலங்காரம் அப்படியே இருக்கு. பொண்ணு மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா, அங்கயே தாலி கட்டலாம். வண்டி சொல்லட்டுமா? மொதல்ல இத அவுரு.”

கூட்டம் நவநீதத்தைப் பார்த்தது. மணையிலிருந்து தேன்மொழி, “எனக்கு எங்க கட்டினாலும் ஒண்ணுதாம்மா, உனக்கு எது வேணுமோ அதச் சொல்லு” என்றாள். நவநீதம் ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த ஒரு நிமிஷம் முதல் வரிசை நாற்காலியும், மேடை விளக்கும், அதில் மகள் முகமும் அவள் கண்முன் வந்து நின்றன. இப்போதே கிளம்பினால் முகூர்த்தத்துக்குள் போய்விடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டாள். பிறகுதான் கோதண்டபாணியின் முழங்கால்களைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு கிடுகிடுவென்று ஆடின. இந்த ஆளுக்கா நாம் இத்தனை வருஷம் பயந்தோம், இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்றா மூன்று முறை கேட்டோம் என்று தோன்றியது, தோன்றியதும் ஒரு அருவருப்பு எழுந்தது, பச்சைத் தோலில் புழு நெளிவதைப் பார்த்தபோதுகூட அவளுக்கு வராத அருவருப்பு.

“எல்லாரும் உக்காருங்க. தாலி கட்டட்டும்” என்றாள்.

“உக்கார முடியாது நவநீதம்.”

“அப்ப நில்லுங்க.”

திரும்பி மேடைப் பக்கம் போனாள். மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். மேலத்தெரு நின்றது. அரிசித் தட்டு வந்தபோது நாற்பத்து மூன்று பேரும் அவசர அவசரமாக அள்ளிக்கொண்டார்கள், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எல்லாருக்கும் முந்தி எறிந்தார்கள். தொட்டித்தெருப் பெண் ஒருத்தியின் தலையில் மேலத்தெரு கையால் அட்சதை விழுந்தது அதுதான் முதல் தடவை. கெட்டிமேளம் முழங்கியது, மூன்று முடிச்சு விழுந்தது, கூட்டத்தின் சத்தம் கூரைத் துணியைத் தூக்கியது, அந்தச் சத்தத்தின் நடுவில்தான் கோதண்டபாணியால் அதற்குமேல் முடியாமல் போயிற்று. கால்சட்டை கரும்பழுப்பாகி, முழங்காலில் சொட்டி, செருப்பில் தேங்கியது.

சிரிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். தொட்டித்தெரு சிரிக்கவில்லை, மூக்கைப் பொத்தவுமில்லை. பரம்பரையாக இதைவிட மோசமான நாற்றத்தில் நின்று வேலை செய்தவர்கள் அவர்கள். யாரோ ஒரு கிழவர் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். நவநீதம் மகளுக்கும் மருமகனுக்கும் விபூதி பூசி, சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துப் பேசி, முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்து, இலையில் உப்பு வைத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள். மஞ்சள் தண்ணீர் இல்லை, திரை இல்லை, பட்டப்பகலில் ஊர் பார்க்க ஒவ்வொருவருக்கும் ஆறு பொத்தானாக அவிழ்த்துக்கொண்டே போனாள். அவிழ்ந்தவர்கள் தோல் கிடங்குக்குப் பின்னால் ஓடினார்கள். கோதண்டபாணியிடம் கடைசியாக வந்தாள்.

“நெழல்ல காய வையுங்க. வெயில்ல போட்டா தோலு சுருங்கிடும்” என்றாள், கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிற அதே குரலில். அவர் தலையாட்டினார்.

இதற்கப்புறமாவது அவர்கள் பழைய வேட்டிக்குத் திரும்பினார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு மேலத்தெருவைத் தெரியவில்லை. அடுத்த வாரமே ஒரு நிச்சயதார்த்தம் வந்தது, நாற்பத்து மூன்று பேரும் தோல் கால்சட்டை போட்டார்கள், விருந்து முடிந்ததும் மேளதாளத்தோடு தொட்டித்தெருவுக்கு நடந்தார்கள். அதற்குப் பொத்தான் ஊர்வலம் என்று பெயர் வைத்தார்கள். இது முந்நூறு வருஷத்துப் பழக்கம், நடுவில் வெள்ளைக்காரன் நிறுத்திவிட்டான் என்று வேதாசலம் எழுதினார், பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களுக்கும் இதெல்லாம் உண்டு என்று சண்டைக்கு வந்தார்கள். நவநீதம் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து, டீ குடித்து, ஆற அமர எழுந்து வந்து அவிழ்ப்பாள். அதுவரை ஊர்வலம் நிற்கும்.

ஐப்பசியில் சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. வேதாசலம் அதை டைப் அடித்து எடுத்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் வந்தார். இனி தொட்டித்தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் கேட்ட தேதிக்கு மண்டபம் உண்டு என்று முழங்காலை ஒட்டிக்கொண்டு, மூச்சிறைக்க, ஒரு வரி விடாமல் வாசித்தார். நவநீதம் முழுவதையும் கேட்டாள்.

“எனக்கு ஒரே பொண்ணு சார். முடிஞ்சிருச்சி.”

“அதனாலென்ன, நாளைக்குப் பேரன் பேத்தி பொறக்கும், வளரும், அதுங்களுக்குக் கல்யாணம் வரும். அப்ப மண்டபம் உங்க குடும்பத்துக்குத்தான். எழுதியே குடுத்துட்டோம்.”

நவநீதம் அவருடைய முதல் பொத்தானில் கை வைத்தாள்.

“அதுக்குள்ள நீங்க வேற எதுனா மாட்டிக்குவீங்க சார்” என்றாள்.